ஆன்ஜே நகரில் தொடங்கும் பனிப்பருவம்

பாரிஸ் மாநகரிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆன்ஜே என்னும் பழம்பெரும் பிரெஞ்சு நகரத்தில், 2025 அக்டோபர் 17ஆந் திகதி வெள்ளிக்கிழமை தொடக்கம் 19ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை ஈறாக, பனித்தளத்தின்மீது சறுக்கி ஆடும் கலையில் உலகத்தின் முன்னணியில் நிற்போர் பலர் ஒன்றுகூடி, இவ்வருடத்துக் கிராண்ட் பிரீ தொடரைத் தொடக்கிவைக்க இருக்கிறார்கள். அதற்கு மறுநாள் தீபாவளி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானத்திலே மாரிமழைக்கு முந்திய மேகங்கள் திரளத் தொடங்கும் அந்த நாட்களில், தோட்டத்து வேலையையும் பண்டிகை ஆயத்தங்களையும் சற்றே ஒருபுறம் வைத்துவிட்டு, பிரான்சிலுள்ள ஒரு பனித்தளத்தைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என்று உரும்பிராயிலுள்ள வாசகர் ஒருவர் கேட்பாராயின், அவருக்கு விடை சொல்லுவது கடினமன்று.

இவ்வூரின் செம்மண்ணிலே பிறந்து, பலாலி வீதி வழியே புறப்பட்டுக் கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் வளர்கிறார்கள். அந்த நாடுகளிலே மாரிகாலம் வந்துவிட்டால், நமது பிள்ளைகள் கோயில் வீதியில் ஓடித் திரிவதைப்போலவே அங்குள்ள பிள்ளைகள் பனித்தளத்துக்கு ஓடுகிறார்கள். அவர்கள் இரும்புத் தகடு பூட்டிய சப்பாத்தை அணிந்து, விழுந்தும் எழுந்தும் வழுக்கிச் செல்லும் காட்சியை அப்பப்பாவும் அம்மம்மாவும் இங்கிருந்து கைத்தொலைபேசியிலே பார்த்துப் பூரிக்கிறார்கள். ஆகவே, பனிச்சறுக்கு நடனம் என்பது நமக்கு முற்றிலும் அந்நியமான வித்தையாக இனி இருக்க முடியாது. அதனை எவ்வாறு பார்க்க வேண்டும், எதனை உயர்வென்றும் எதனைக் குறைவென்றும் மதிக்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டால், பார்ப்பதிலுள்ள இன்பம் பன்மடங்காகும்.

கிராண்ட் பிரீ என்பது ஆறு நாடுகளில் ஆறு வார இறுதிகளில் நடைபெறும் போட்டிகளின் தொடராகும். இவ்வருடம் ஆன்ஜேயிலே தொடங்கும் அத்தொடர், சீனத்துச் சோங்சிங், கனடாவின் சஸ்கற்றூன், ஜப்பானின் ஒசாகா, அமெரிக்காவின் லேக் பிளாசிட், பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆகிய இடங்களைக் கடந்து, டிசம்பர் 4 முதல் 7 வரை ஜப்பானின் நகோயாவில் நடக்கும் இறுதிப் போட்டியோடு நிறைவெய்தும். ஒவ்வொரு போட்டியிலும் முதலாம் இடத்துக்கு 15 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 13, மூன்றாம் இடத்துக்கு 11 என்று இறங்குவரிசையிலே வழங்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் மிகுந்த புள்ளி சேர்த்த அறுவர் அல்லது ஆறு இணையர் மாத்திரமே இறுதிக்குச் செல்லுவர். ஆண்கள் தனி, பெண்கள் தனி, இணையர், பனி நடனம் எனப் பிரிவுகள் நான்கு. இவற்றுக்கெல்லாம் அப்பால், 2026 பெப்ரவரியில் இத்தாலியின் மிலானோ நகரில் ஒலிம்பிக் நடக்க இருப்பதால், இவ்வருடத்து முதற் போட்டிக்கு வழக்கத்திலும் அதிகமான முக்கியத்துவம் சேர்ந்திருக்கிறது.

முதற் போட்டியின் விசேஷம் யாதெனில், அங்கு எவரும் பூரணமாக முதிர்ந்த நிலையில் வருவதில்லை என்பதேயாம். ஒவ்வொரு வீரரும் கோடைகாலத்திலே புதிய இசையைத் தெரிந்து, புதிய நடன அமைப்பைக் கற்று, ஆளில்லாத தளங்களிலே மாதக்கணக்காக அப்பியாசம் செய்துவிட்டு, அக்டோபரிலேதான் அதனை முதன்முறையாகப் பெரிய சபைக்கு முன்னால் கொண்டுவருகிறார். அதனால் விழுதல் அதிகம். பாய்ச்சலின் சுற்றுக் குறைதல் அதிகம். நான்கு நிமிட ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலே மூச்சு வாங்குதல் அதிகம். ஆனால், பெரிய துணிவுகளும் பருவத்தின் ஆரம்பத்திலேதான் பிறக்கின்றன என்பதையும் நாம் மறத்தலாகாது. 2022 செப்டெம்பர் 14ஆந் திகதி, லேக் பிளாசிட்டில் நடைபெற்ற ஒரு சிறிய தொடக்கப் போட்டியிலே, உலகப் பத்திரிகைகள் எவையும் பெரிதாக எதிர்பார்த்திராத வேளையில், 17 வயதுப் பையன் ஒருவன் ஆகாயத்திலே நான்கரைச் சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்கினான். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், ஈரொலிம்பிக் தங்கம் வென்ற யுசுரு ஹன்யு என்னும் ஜப்பானிய மேதை பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே முயன்று விழுந்த பாய்ச்சல் அது. இலியா மலினின் என்பது அந்தப் பையனின் பெயர். ஆன்ஜேயிலே ஆண்கள் பிரிவின் முதன்மை எதிர்பார்ப்பு இன்று அவரே.

மலினினைப் பற்றிச் சொல்லுவதற்கு முன்னர், புள்ளி இடும் முறையைச் சற்று விளக்கிவிடுவது அவசியம். அதனை அறியாதார்க்கு இவ்வாட்டம் வெறும் அலங்காரக் காட்சியாகவே தோன்றும். பாய்ச்சல்கள் ஆறு வகைப்படும். அவற்றுள் ஐந்து, பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே கிளம்புவன. ஒன்று மாத்திரம் முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்குவது. ஆகையால் அதற்கு எப்போதும் அரைச் சுற்று அதிகம். 1882இல் வியன்னாவிலே அதனை முதன்முதலில் செய்து காட்டிய நோர்வே நாட்டு அக்செல் பவுல்சென் என்பவரின் பெயரால் அது அக்செல் என்று வழங்குகிறது. ஏனையவற்றுள் சால்கோ, பத்து முறை உலகப் பட்டம் வென்ற சுவீடன் தேசத்து உல்ரிச் சால்கோவின் பெயரையும், லுட்ஸ், ஆஸ்திரியாவின் அலோயிஸ் லுட்ஸின் பெயரையும் தாங்குவன. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கடினத்துக்கேற்ப அடிப்படை மதிப்பு உண்டு: இரட்டைச் சுற்று அக்செலுக்கு 3.30, மூன்று சுற்று லுட்ஸுக்கு 5.90, மூன்று சுற்று அக்செலுக்கு 8.00; நான்கு சுற்று லுட்ஸுக்கு 11.50, நான்கு சுற்று அக்செலுக்கு 12.50.

செய்யப்பட்டது எந்தப் பாய்ச்சல், அதன் சுற்று முழுமையாயிற்றா என்பதைத் தொழில்நுட்பக் குழுவினர் மூவர் நிர்ணயிக்கிறார்கள். அது எவ்வளவு நேர்த்தியாயிற்று என்பதை வேறொரு வரிசையில் அமர்ந்த ஒன்பது நடுவர்கள், கழித்தல் 5 முதல் கூட்டல் 5 வரை மதிப்பிடுகிறார்கள்; அம்மதிப்புகளுள் உச்சமானதும் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு எஞ்சியவற்றின் சராசரி எடுக்கப்படும். இவற்றோடு ஆட்டத்தின் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்னும் மூன்றுக்கும் தனியே புள்ளி உண்டு. 2002 சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கிலே இணையர் பிரிவில் நடுவர் ஒருவரின் நேர்மை குறித்து எழுந்த பெருங்குழப்பத்தின் விளைவாகவே, ஆறு புள்ளியை உச்சமாகக் கொண்ட பழைய முறை ஒழிந்து இந்த முறை பிறந்தது.

இம்முறையிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான்கு சுற்று லுட்ஸைப் பாய்ந்து, சுற்று முழுமையாகியபின் விழுந்துவிட்டவருக்கு, மதிப்பிலே பாதி குறைந்து, விழுந்ததற்காக மேலும் ஒரு புள்ளி கழிந்தும், 4.75 மிஞ்சும், இரட்டை அக்செலைச் சாதாரணமாகச் செய்து நிமிர்ந்து நின்றவருக்கோ 3.30தான். விழுந்தவர் நின்றவரிலும் மேலாவது கண்ணுக்கு முறையன்றாகத் தோன்றினாலும், துணிவுக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு அது என்பதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். எனினும், எண்ணிக்கையிலே மாத்திரம் மனத்தைச் செலுத்துவோர் இக்கலையின் பாதியை இழந்துவிடுகிறார்கள் என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

கோயில் திருவிழாவிலே யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட தலைமுறையினர், கையின் வேகத்தைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடவில்லை. எத்தனை சிக்கலான கணக்குக்குள் புகுந்து சென்றாலும், தீர்மானம் சமத்திலே வந்து விழுகிறதா என்பதையே அவர்கள் காது கொடுத்துக் காத்திருந்து கேட்டார்கள். பனித்தளத்திலே பாய்ச்சல் முடிந்து இறங்கும் கணத்தை நாம் அவ்விதமாகவே பார்க்க வேண்டும். இறங்கிய கால் நடுங்காமல், உடல் முன்னே குனியாமல், வந்த வேகம் குன்றாமல், பெரிய வளைவொன்றிலே பின்னோக்கி ஓடிச் செல்லுமாயின், இசையின் கணக்கோடு அது ஒத்து நிற்குமாயின், அப்பாய்ச்சல் சுற்று எத்தனையாயினும் உயர்ந்ததே.

இவ்வாறு ஓடச் செய்வது சப்பாத்தின் அடியிலுள்ள தகடு. ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் அகலமான அத்தகட்டின் நடுவே நீளவாக்கிலே சிறிய பள்ளம் குடையப்பட்டிருப்பதால், அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் அமைகின்றன. சறுக்குபவர் தம் உடலைச் சாய்க்கும் பக்கத்து விளிம்பே பனியைப் பற்றி, வளைவான பாதையிலே அவரைக் கொண்டுசெல்லும். பனியின் மேற்பரப்பிலே திரவத்தின் இயல்புடைய மிக மெல்லிய படலம் ஒன்று இயல்பாகவே இருக்கிறது என்ற கருத்தை மைக்கேல் பரடே 1850ஆம் ஆண்டளவிலேயே வெளியிட்டார். வழுக்கலுக்கு அதுவே பிரதான காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் பெரிதும் ஆதரிக்கின்றன. தகட்டை ஆழமாகச் சாய்த்து, காலால் உந்துவது கண்ணுக்குத் தெரியாதபடி வேகத்தைப் பெருக்கிச் செல்லும் வித்தை, பத்து வருடமாவது பயின்றாலன்றிக் கைவராது. பருவத் தொடக்கத்திலே பாய்ச்சல்கள் தவறலாம். இந்த வித்தை தவறுவதில்லை. ஆகையால், அக்டோபரில் ஒருவரின் தகுதியை அளக்க விரும்புவோர் அவருடைய பாதங்களைப் பார்க்கட்டும்.

இனி ஆண்கள் பிரிவு. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலே, உஸ்பெகிஸ்தானுக்காக ஒலிம்பிக்கில் சறுக்கிய தாய் தந்தையருக்குப் பிறந்த மலினின், 2024இலும் 2025இலும் உலகப் பட்டத்தை வென்றார். 2025 மார்ச்சில் பொஸ்ரனிலே அவர் பெற்ற 318.56 புள்ளி, இரண்டாம் இடம் பெற்ற கசகஸ்தானின் மிக்காயில் ஷைடொரொவின் புள்ளியிலும் 31க்கு மேல் அதிகம். இவ்விளையாட்டிலே அது சாதாரணமான இடைவெளியன்று. 2024 டிசம்பரில் கிரெனோபிளில் நடந்த இறுதிப் போட்டியிலே, ஒரே ஆட்டத்திலே ஆறு வகைப் பாய்ச்சலையும் நான்கு சுற்றாகச் செய்ய முயன்ற முதல் மனிதரும் அவரே, சில குறைபட்டன, ஆயினும் வென்றார். அவருடைய பாய்ச்சற் பலத்துக்குச் சமமான வெளிப்பாடு இல்லை என்று சில வருடங்களுக்கு முன்னர் எழுந்த குறை, ஒவ்வொரு பருவத்திலும் குறைந்துகொண்டே வருகிறது. ஆன்ஜேயில் அவர் இரண்டாம் இடத்துக்கு இறங்குவாராயின் அது பெரும் வியப்பாகவே இருக்கும்.

ஆனால், சபையின் உள்ளம் வேறொருவரிடம் இருக்கும். அடம் சியாவோ ஹிம் ஃபா, மொரீசியஸ் தீவிலிருந்து பிரான்சிலே குடியேறிய சீன வமிசத்துப் பெற்றோரின் பிள்ளை. தமிழ்க் கோயில்களும் தமிழ்ப் பெயர்களும் இன்றும் நிலைத்திருக்கும் அந்த இந்து சமுத்திரத் தீவின் பெயரைப் பனித்தளத்தோடு சேர்த்து உச்சரிக்கச் செய்தவர். 2023இலும் 2024இலும் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற அவர், 2024 உலகப் போட்டியின் முதற் பகுதியாகிய குறுகிய ஆட்டத்திலே தடுமாறி 19ஆம் இடத்துக்கு வீழ்ந்து, அடுத்த பகுதியாகிய நெடிய ஆட்டத்திலே பலரையும் தாண்டி எழுந்து வெண்கலம் பெற்றார். அவ்வாட்டத்திலே, அந்நாளில் விதிக்கு மாறாயிருந்த பின்புறக் குட்டிக்கரணத்தையும், புள்ளி கழியும் என்று தெரிந்துகொண்டே துணிந்து சேர்த்தார். அந்தத் தடை பின்னர் நீங்கிவிட்டது. பின்புறக் குட்டிக்கரணத்தை நினைக்கும்போது, 1998இல் நகானோ ஒலிம்பிக்கிலே அதனைச் செய்து ஒற்றைக் காலில் இறங்கிய பிரெஞ்சு நாட்டுக் கறுப்பினப் பெண் சூர்யா பொனாலியையும் நன்றியோடு நினைக்க வேண்டும். ஜோர்ஜியாவின் நிகா எகாட்ஸேயும் ஆன்ஜேக்கு வருகிறார்; நான்கு சுற்றுப் பாய்ச்சல்கள் கைகூடும் நாளில் எவருக்கும் அவர் சவாலாவார்.

பெண்கள் பிரிவே இவ்வாரத்தின் உண்மையான விருந்தென்று நான் கருதுகிறேன். அதற்குக் காரணம் கயோரி சகமோட்டோ. ஜப்பானின் கோபே நகரத்தவரான இவர், 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருடங்களும் தொடர்ச்சியாக உலகப் பட்டம் வென்றவர். பெண்களுள் அவ்வாறு மூன்று முறை தொடர்ந்து வென்ற சாதனை, 1966 முதல் 1968 வரை வென்ற அமெரிக்காவின் பெகி ஃபிளெமிங்குக்குப் பின்னர் எவருக்கும் வாய்த்திருக்கவில்லை. இத்தனைக்கும் இவர் மூன்று சுற்று அக்செலையோ நான்கு சுற்றுப் பாய்ச்சல் எதனையோ நம்பி நிற்பவரல்லர். ருஷ்யச் சிறுமிகள் நான்கு சுற்றுகளை அடுக்கிக்கொண்டு வந்த காலத்திலே, அவற்றின் பின்னால் ஓடாமல், தமக்குரிய வேகத்தையும் பாய்ச்சலின் நீளத்தையும் ஓட்டத்தின் நேர்த்தியையுமே பெருக்கிக்கொண்டு பொறுமையோடு நின்றார். அவருடைய இரட்டை அக்செலைப் பாருங்கள். 3.30 மதிப்புள்ள எளிய பாய்ச்சல்தான். ஆனால், அவர் அதனுள் நுழையும் வேகமும், தளத்தின் பெரும் பரப்பைக் கடந்து செல்லும் தூரமும், இறங்கிய பின்னும் குறையாத ஓட்டமும், இவற்றைக் காண்பவர் ஒரு பொழுதும் மறக்கமாட்டார். நான் முன்னே சொன்ன பாதங்களின் வித்தைக்கு இன்று வாழும் உதாரணம் அவரே.

2025 மார்ச்சிலே பொஸ்ரனில் அவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். வென்றவர் அமெரிக்காவின் அலிசா லியூ. 16 வயதிலே ஆட்டத்தை விட்டு விலகி, இரண்டு வருடம் சாதாரண மாணவியாக வாழ்ந்துவிட்டுத் தம் விருப்பத்தினாலேயே திரும்பிவந்து உலகப் பட்டத்தைப் பெற்ற அவருடைய வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. ஆன்ஜேயில் அவர் ஆடவில்லை. சகமோட்டோவோ, இப்பருவத்தின் முடிவிலே தாம் ஓய்வுபெறப் போவதாக 2025 ஜூனிலே அறிவித்துவிட்டார். தம் கடைசி நெடிய ஆட்டத்துக்கு அவர் தெரிந்தெடுத்திருப்பது எடித் பியாஃப் பாடிய பாடல்களின் தொகுப்பு. பிரெஞ்சு மக்கள் தம் உயிரினும் மேலாகப் போற்றும் அப்பாடகியின் குரலுக்கு, பிரெஞ்சு மண்ணிலேயே, பிரெஞ்சுச் சபையின் முன்னிலையிலே, விடைபெறும் வருடத்தில் ஆடுவதென்பது எவருக்கும் இலேசான காரியமன்று. பழக்கப்பட்ட செவிகள் ஒவ்வொரு அசைவையும் பாட்டோடு ஒத்துப் பார்க்கும்.

அவருக்கு எதிரே நிற்கப்போவோருள் இருவர் அவருடைய நாட்டவர். ஆமி நகாய்க்கு வயது 17. 2023இல் இளையோர் உலகப் போட்டியிலே வெண்கலம் பெற்றவர். மூத்தோர் வரிசையிலே இதுவே அவருக்கு முதற்பருவம். அவர் கையிலுள்ள ஆயுதம் மூன்று சுற்று அக்செல். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே 15 வயதுக் கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் உலகத்தையே கலக்கிய பின்னர், மூத்தோர் போட்டிக்குரிய குறைந்த வயது 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்கப்பட்டது. பருவம் தொடங்கும் ஜூலை முதலாந் திகதிக்கு முன்னர் அவ்வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏப்ரலிலே பிறந்ததால் நகாய் அவ்விதியைக் கடந்துவிட்டார்; அதே ஆண்டு அக்டோபரின் கடைசி வாரத்திலே பிறந்த மாவோ ஷிமாடா என்னும் அற்புதமான ஜப்பானியச் சிறுமி, சில மாத வித்தியாசத்தால் மிலானோ ஒலிம்பிக்கையே இழந்துவிட்டார். விதி நல்ல நோக்கத்தோடு வந்தது. வளரும் எலும்புகளைக் காக்க வந்தது. அதனை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆயினும் ஷிமாடாவுக்காக மனம் வருந்தாமலிருக்க முடியவில்லை. மற்றையவரான ரியோன் சுமியோஷி, பெண்களுள் மிகச் சிலரே துணியும் நான்கு சுற்று டோ லூப் என்னும் பாய்ச்சலை முயலுபவர். மூவருள்ளும் சகமோட்டோவையே நான் முதலில் வைக்கிறேன்; ஆயினும், குறுகிய ஆட்டத்திலும் நெடிய ஆட்டத்திலும் நகாயின் அக்செல் தவறாமல் இறங்கிவிடுமாயின், இந்த வரிசை மாறுவதற்கு இடமுண்டு.

இணையர் பிரிவிலே ரிக்கு மியூரா, ரியூயிச்சி கிஹாரா என்னும் ஜப்பானியர் 2023இலும் 2025இலும் உலகப் பட்டம் பெற்றவர்கள். பின்னையதை அவர்கள் வென்றது வெறும் 0.71 புள்ளி வித்தியாசத்திலே. நம்மவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு: இவ்விருவரும் நெடுங்காலமாக அப்பியாசம் செய்துவருவது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஓக்வில்லிலே, ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபறோவிலிருந்து வாகனத்திலே சென்று திரும்பக்கூடிய தூரந்தான் அது.

பனி நடனத்திலே பாய்ச்சலும் தலைக்கு மேலே தூக்குதலும் இல்லை. பாதங்களின் நுட்பமும் இருவர் உடலும் ஒன்றாய் இயங்கும் நெருக்கமுமே எல்லாம். இவ்வருடத்து முதற் பகுதிக்கு 1990களின் இசை என்று விதித்திருக்கிறார்கள். 2022இல் கபிரியெலா பப்படாகிஸோடு ஒலிம்பிக் தங்கம் வென்ற கியோம் சிசெரோன், ஓய்வை அறிவித்த சில மாதங்களுக்குள்ளேயே, மொன்றியல் நகரத்து லோரன்ஸ் ஃபூர்னியே போட்ரியோடு புதிதாக இணைந்து, கிராண்ட் பிரீயிலே முதன்முறையாகத் தோன்றுவது ஆன்ஜேயிலேதான். ஐந்து உலகப் பட்டங்களைப் பெற்ற ஒருவர், வேறொரு துணையோடு சில மாதங்களிலேயே உச்சத்துக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும். அவர்களுக்கு நேர் எதிரே, 2025இல் வெண்கலம் பெற்று, 1984க்குப் பின்னர் பிரித்தானியாவுக்கு முதல் உலகப் பதக்கத்தைத் தேடிக்கொடுத்த லைலா ஃபியர், லூயிஸ் கிப்சன் நிற்பார்கள். இந்தப் பிரிவிலே நம் பக்கத்து இசையும் ஒரு காலத்திலே ஒலித்தது: 2010 வான்கூவர் ஒலிம்பிக்கிலே அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் இருவரும் இந்தியத் திரையிசைக்கு, இந்திய நடன முத்திரைகளைக் கற்று ஆடி வெள்ளி வென்றார்கள்.

இத்தனை பெயர்களையும் சொல்லிவிட்டு, தமிழ்ப் பெயர் ஒன்றையும் சொல்லாது விடலாகாது. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவிலே குடியேறிய பெற்றோருக்கு 2000ஆம் ஆண்டு பிறந்த தாரா பிரசாத், இந்தியக் குடியுரிமையை ஏற்று, இந்தியாவின் தேசியப் பட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வென்று, அந்நாட்டின் கொடியோடு சர்வதேசத் தளங்களிலே சறுக்கிவருகிறார். 2025 பெப்ரவரியிலே சீனத்து ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டிலே, தென்கொரியாவின் கிம் சே-யோன் தங்கமும் சகமோட்டோ வெள்ளியும் பெற்ற அதே போட்டியில், தாரா எட்டாம் இடத்தைப் பெற்றார். சகமோட்டோவுக்கும் அவருக்கும் வயது ஒன்றே. ஒரே தளத்திலே, ஒரே நாளிலே சறுக்கினார்கள். பனிப் பாரம்பரியம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத நாட்டுக்காக ஆடி, அவ்வரிசையிலே எட்டாவதாக நின்றது மிகப் பெரிய காரியம் என்றே நான் மதிக்கிறேன்.

ஆன்ஜேயில் ஆடும் வாய்ப்பு தனி ஆட்டத்திலே ஒவ்வொரு பிரிவிலும் 12 பேருக்கே உண்டு. முந்திய உலகப் போட்டியின் நிலையையும் தரவரிசையையும் சிறந்த புள்ளிகளையும் கொண்டே இடங்கள் பங்கிடப்படுகின்றன. அந்த வட்டத்துக்குள் நுழைவதற்கு வேண்டியது திறமை மாத்திரமன்று. வருடம் முழுவதும் உறைந்திருக்கும் 60 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட தளம் ஒன்று அருகிலே வேண்டும். இந்தியாவிலே சிம்லாவின் திறந்தவெளித் தளம் 1920 தொட்டு இருந்துவந்தாலும், அது குளிர் வந்தாலன்றி உறையாது. டேராடூனிலே 2011இன் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பெருஞ் செலவிலே எழுப்பிய உள்ளரங்கத் தளம், அவ்விழா முடிந்தபின் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்து, 2025இலேதான் மீண்டும் உயிர்பெற்று, ஆகஸ்டிலே ஆசிய நாடுகளின் குறுந்தடச் சறுக்கோட்டப் போட்டியை நடத்தியது. அத்தனை வருடங்களிலே அத்தளத்தில் வளர்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணும்போது நெஞ்சு வேகிறது.

புலம்பெயர்ந்த நம்மவருக்கோ அக்குறை இல்லை. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் தளம் வீட்டுக்கு அண்மையிலேயே இருக்கிறது. பாட்டுக்கும் பரதத்துக்கும் மிருதங்கத்துக்கும் சனி ஞாயிறுகளிலே பிள்ளைகளைத் தவறாமல் அழைத்துச் செல்லும் பெற்றோரின் சிரத்தையும் இருக்கிறது. தாளத்தையும் பாவத்தையும் இளமையிலேயே பயின்ற பிள்ளைக்கு, இப்போது நடுவர்கள் எடைபோடும் அமைப்பும் வெளிப்பாடும் அந்நியமாக இரா. செலவு உண்டு, விடியற்காலையிலே எழுந்து குளிரிலே காத்திருக்கும் சிரமமும் உண்டு, விழுந்து அடிபடும் பயமும் உண்டு. இவற்றையெல்லாம் அறிந்தே சொல்லுகிறேன்: உங்கள் மகளோ மகனோ பனித்தளத்தை விரும்பிக் கேட்டால், வெறும் விளையாட்டென்று மறித்துவிடாதீர்கள், நல்ல ஆசிரியர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள், அக்டோபர் 17, 18, 19ஆந் திகதிகளிலே, தீபாவளிப் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டும் வேலைக்கு இடையிலேயாவது, அப்பிள்ளையை அருகில் இருத்திச் சகமோட்டோவின் ஆட்டத்தை முழுதும் பாருங்கள்.